ஓர் ஆளுக்கு ஒரு தடவை

ஓடைக்கரைத் தோட்டம், மேற்பிரிவு,
வட்டகொடை.
22.05.2023

செல்வி கிருஷாந்தி அவர்களுக்கு,

எமது மரண உதவிச் சங்கத்தின் பொதுக்கூட்டம் இம்மாதம் 14ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் நடைபெற்றதைத் தாங்கள் அறிவீர்கள். அதில் ஒன்றேகால் மணி நேரம் பேசியவர் தாங்கள்தான். சங்கத்தின் சேமிப்பை எடுத்து, தங்கள் அமைப்பு அரசாங்கத்திடம் கேட்டுவரும் தோட்டக் குடும்பச் சுகாதாரக் காப்புறுதித் திட்டத்துக்கு முதல் சந்தாவாகக் கட்டலாம் என்று முன்மொழிந்தீர்கள். அது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு நூற்று நாற்பத்தொன்று. எதிர்த்தவர்களுள் செயலாளரும் ஒருவர்.

கூட்டத்தில் தெரிவிக்கப்பட்ட கருத்துகளில் பொருளாளர் லெட்சுமி சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்: "சாவுக்குக் கட்டுறோம், அது எப்புடியும் வரத்தான் போகுது. வியாதிக்குக் கட்டுனா காசு குடுத்துக் கூப்புட்ட மாதிரி ஆயிடும்." இதற்குக் கைதட்டல் கிடைத்தது. தங்கள் உரைக்கும் கிடைத்தது, முடிந்தபோது.

இதுவரை எழுதியது செயலாளர். இனி உன் அண்ணன்.

நீ சாப்பிடாமல் ரயில் ஏறிவிட்டாய். உன் பங்குக் கோழிக்கறியை உன் அண்ணி மறுநாள் மத்தியானம் வரை மூடியே வைத்திருந்தாள். ஸ்டேசனில் வைத்து, "இனி உங்களோட பேசமாட்டேன்" என்றாய். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சிவசாமி


கொழும்பு 6
04.06.2023

அண்ணா,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தைச் செயலாளருக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். இரண்டாம் பக்கத்தில் கோழிக்கறி இருந்ததால் வைத்துக்கொண்டேன்.

நூற்று நாற்பது பேர் எதிர்த்தது எனக்கு வலிக்கவில்லை. அவர்களுக்கு யாரும் இதை விளக்கிச் சொன்னதில்லை. அந்த நூற்று நாற்பத்தோராவது கை யாருடையது என்பதுதான் வலிக்கிறது. பத்து வயதில் அம்மா அப்பா இல்லாமல் நின்ற என்னைப் படிக்க வைத்தவர் நீங்கள். வாசிக்கக் கிடைத்த பேப்பர் துண்டை எல்லாம் வாசிக்கும் மனிதர். மேடையில் நான் நின்றுகொண்டிருக்கும்போது முன்வரிசையில் இருந்து கையைத் தூக்கினீர்கள். காரணம்கூடச் சொல்லவில்லை.

நம் ஆட்கள் செத்தால் பெட்டி, பந்தல், நாற்காலி, வாகனம் எல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். உயிரோடு கிடந்து மூச்சுக்குத் தவித்தால் லொறி பிடிக்கக்கூட வழியில்லை. ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால் மெஷின் பழுது, வெளியில் ஸ்கேன் எடுத்து வா என்றால் அங்கேயே முடிந்துபோகிறது. இதை மாற்றத்தான் நாலு வருடமாக ஒவ்வொரு படியாக ஏறி இறங்குகிறேன்.

ஓகஸ்ட் 8ஆம் திகதி அரசாங்கக் குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. எங்கள் அமைப்பு சார்பில் நான் பேசுகிறேன். எனக்கு ஒரு உதவி வேண்டும். சங்கத்தின் மரணப் பதிவேட்டில் கடந்த ஐந்து வருடப் பக்கங்களின் பிரதி தாருங்கள். யார் எத்தனை வயதில் எதனால் போனார்கள் என்பதுதான் என்னிடம் இருக்கக்கூடிய ஒரே சாட்சி.

அண்ணியின் இருமல் எப்படி? கோவில் படி ஏறும்போது இரண்டு தடவை நின்றார். கேட்டதற்குப் பனி என்றார்.

கிருஷாந்தி


வட்டகொடை
19.06.2023

தங்கச்சிக்கு,

பதிவேட்டுப் பிரதி வேண்டுமானால் தலைவர் சின்னராசாவிடம் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செயலாளர் தன் குடும்பத்தாருக்குச் சங்க ஆவணங்களைத் தருவது விதி பன்னிரண்டுக்கு முரண். அந்த விதியை எழுதியவன் நானே என்பதால் மீறக் கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கிழமை மழை விடவில்லை. கொழுந்து இருக்கிறது, பறிக்க ஆள் வரவில்லை. வந்தவர்களையும் அட்டை கடிக்கிறது.

அண்ணியைக் கேட்டிருந்தாய். இருக்கிறாள்.

சிவசாமி


கொழும்பு 6
25.07.2023

அண்ணா,

இன்று காலை பதிவேட்டுப் பிரதி வந்தது. சின்னராசா மாமா, பைஸர் நானாவின் கடையில் பிரதி எடுத்து, மேலே ஒரு துண்டுக் காகிதமும் வைத்து அனுப்பியிருந்தார். "இங்கு எல்லோரும் நலம்." அந்த வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். இந்த வருடத்துப் பட்டியலில் பதினோராவது பெயர். சி. ராசம்மா, 45, இருதய நோய், 14.06.2023. உதவித்தொகை வழங்கப்பட்டது. கீழே உங்கள் கையெழுத்து.

நாற்பத்தொரு நாள்.

அதற்கு ஐந்து நாள் கழித்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். மழையைப் பற்றியும் அட்டையைப் பற்றியும். "இருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை எழுதும்போது உங்கள் கை எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நான் பேசமாட்டேன் என்று சொன்னதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று கேட்கத்தான் வருகிறது. கேட்க எனக்கு என்ன தகுதி? உங்கள் எண்ணை நான்தான் தடுத்து வைத்திருந்தேன். இன்று எடுத்துவிட்டு அழைத்தேன். அந்த எண் பாவனையில் இல்லை என்கிறது. மாமாவிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. சொந்த அண்ணி போனதை அடுத்த வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணி,

உங்களுக்கு ஒரு நாளும் கடிதம் எழுதியதில்லை. அண்ணா வாசித்துச் சொல்வார் என்று எல்லாவற்றையும் அவருக்கே எழுதிவிட்டேன்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. கல்யாணத்தன்று இரவே என்னை உங்கள் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டீர்கள். உங்கள் நெற்றியில் கூடைக்கயிறு பதிந்த தடம் இருந்தது. அதில் விரலை வைத்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். நான் தலவாக்கலைக்குப் படிக்கப் போன ஏழு வருடமும் ஒவ்வொரு நாளும் இரண்டு ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தீர்கள். பிறகுதான் நீங்கள் பெரட்டுக்களத்துக்கு ஓடுவீர்கள். ஆட்களைக் கணக்கெடுக்கும்போது பிந்தினால் அரைநாள் பெயர்தான், பாதிச் சம்பளம். எத்தனை நாள் என்னால் பிந்தினீர்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்து எனக்குச் சப்பாத்து வாங்கினீர்கள். உங்கள் காலில் சப்பாத்து இருந்து நான் பார்த்ததில்லை. நான் பெரிய இடங்களில் போய் உங்களைப் போன்றவர்களுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் படியில் நின்று மூச்சு வாங்கியபோது பனி என்றீர்கள், நம்பிவிட்டேன். நம்பினால் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். என் பங்கை மூடி வைத்திருந்தீர்களாம். நான் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம், அண்ணி.

அண்ணா, எட்டாம் திகதி அந்தக் குழுவுக்கு முன்னால் அண்ணியின் பெயரைச் சொல்லப்போகிறேன். அனுமதி கேட்க ஆளில்லை. முடிந்ததும் வருகிறேன். அடிப்பதானால் அடியுங்கள்.

கிருஷாந்தி


வட்டகொடை
08.08.2023

கிருஷாந்தி,

முதலில் ஒரு திருத்தம். உன் அண்ணி உயிரோடு இருக்கிறாள். இதை எழுதும்போது அடுப்படியில் இருந்து, "எழுதிட்டீங்களா, எழுதிட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் ஒன்பது நாள் கிடந்து நேற்றுத்தான் கைக்கு வந்தது. இன்று காலை பைஸர் கடையிலிருந்து உன்னை அழைத்தேன். என் போனை ஜூனில் விற்றுவிட்டேன், அதுதான் பாவனையில் இல்லை. உன் போன் நிறுத்தியிருந்தது. உன் காரியாலயத்துக்கு எடுத்தேன். ஒரு பிள்ளை, "மேடம் குழுக் கூட்டத்துல இருக்காங்க, என்ன விசயம்னு சொல்லுங்க" என்றது. "என் பெண்சாதி உசுரோட இருக்கான்னு சொல்லுங்க" என்றேன். வைத்துவிட்டது. அதன்மேல் குற்றமில்லை.

நடந்தது இதுதான். சித்திரையில் பெரியாஸ்பத்திரியில் அவள் இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் இலவசம். அதற்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனைகள் வெளியில். போய்வரும் வாகனம் நம் பாடு. யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள். தோட்ட நிர்வாகத்துக்குத் தெரிந்தால் நிரந்தரத் தொழிலாளர் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்களாம். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வருவாயாம்.

இனி என் கையைப் பற்றி. நீ கொடுத்த திட்டத்தை முன்வரிசையில் இருந்த ஒருவன் முழுக்க வாசித்தான். எட்டாம் பிரிவு: திட்டத்தில் சேருமுன்பே இருந்த நோய்களுக்குக் காப்புறுதி இல்லை. சங்கத்தின் பணம் முழுவதும் நோயில்லாதவர்களின் நோய்க்குப் போய்விட்டால் ராசம்மாவுக்குக் காப்புறுதியும் இல்லை, சங்கக் காசும் இல்லை. காரணம் சொல்ல எழுந்தால் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். அதனால் கையை மட்டும் தூக்கினேன்.

ஜூன் மாதம் பரிசோதனைக்குத் திகதி வந்தது. கையில் ஒன்றுமில்லை. சின்னராசா மாமாவிடம் சொன்னேன். அவர் செயற்குழுவைக் கூட்டினார். விதி ஏழு: உறுப்பினர் இறந்தால் மட்டுமே உதவி. மாற்றுவதானால் இருபத்தொரு நாள் அறிவித்தல், பொதுக்கூட்டம். லெட்சுமிதான் வழி சொன்னாள். "விதிய மாத்துறது கஸ்டம்ணே. ஆளச் சாகடிச்சிட்டா இன்னிக்கே முடிச்சிடலாம்." ஏகமனதாக நிறைவேறியது. வீட்டுக்கு முந்நூறு ரூபா வீதம் அன்று மாலைக்குள் வந்து சேர்ந்தது. பரிசோதனை அதில்தான் முடிந்தது, ஆபரேஷன் டிசம்பரில் என்கிறார்கள். என் மனைவி இறந்ததாக நானே எழுதிக் கையெழுத்திட்டேன். கை எப்படி இருந்திருக்கும் என்று கேட்டிருந்தாய். நடுங்கவில்லை. அதுதான் எனக்கும் பயமாக இருந்தது.

விதி ஒன்பது, ஓர் ஆளுக்கு ஒரு தடவை என்கிறது. நம் முன்னோர் இரண்டாம் தடவையும் யாராவது சாவார் என்று ஏன் சந்தேகப்பட்டார்கள் என்று முன்பெல்லாம் யோசிப்பேன்.

மேற்பிரிவு முழுக்கத் தெரியும், ஒருவரும் வெளியில் விடவில்லை. பெரட்டுக்களத்தில் தேயிலை மலைகளுக்கு ஆள் பிரிக்கும்போது மட்டும், "செத்தவங்களுக்கு எல்லாம் இன்னிக்கு எந்த மலை?" என்பார்கள். இவளும், "ஏன், உங்களுக்கும் எடம் புடிச்சி வைக்கவா?" என்பாள். எல்லோருக்கும் பழகிவிட்டது. மாமா அந்தப் பக்கத்தைப் பிரதி எடுக்கும்போது ஒன்றும் தோன்றாததற்கு அதுதான் காரணம். அவருக்கு அவள் எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அண்ணி என்று நீ தொடங்கிய இடத்தில் கையில் இருந்த மாவைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முடிந்ததும் கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு, "உசுரோட இருக்கப்பவே இதெல்லாம் கேக்குறதுக்கு யாருக்குக் குடுத்து வைக்கும்" என்றாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை நிறுத்தி, "ரெண்டு ரொட்டின்னு எழுதியிருக்கா. மூணு கட்டிக் குடுத்தேன். ஒண்ணு பக்கத்துல இருக்குற புள்ளைக்கு. திருத்தச் சொல்லுங்க" என்றாள்.

திருத்திக்கொள்ளவும்.

சிவசாமி


கொழும்பு 6
14.08.2023

அண்ணா, அண்ணி,

கடிதத்தைப் படியில் வைத்தே பிரித்தேன். முதல் வரியைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டு அசீசா உம்மா ஓடிவந்து, "என்ன புள்ள, மவுத்தாப் போனதா யாரும்?" என்றார். "இல்ல உம்மா, திரும்பி வந்துட்டாங்க" என்றேன். தண்ணீர் கொண்டுவந்து குடித்துவிட்டுப் பேசச் சொன்னார்.

உங்களோடு சண்டை பிடிக்க நிறைய இருக்கிறது. அதற்கு முன் ஒன்று. வந்து நேரில் சொன்னால் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

எட்டாம் திகதி சொல்லிவிட்டேன். பெயர், வயது, அடையாள அட்டை எண், பதிவேட்டுப் பக்கம் எல்லாம் இணைப்பு மூன்றாகக் கொடுத்தேன். நாலு வருடமாகப் புள்ளிவிவரம் சொன்னேன், அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்கள். அன்றைக்கு நெற்றித் தடத்தைச் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். முடிவில் எட்டாம் பிரிவை நீக்க ஆலோசிப்பதாகச் சொன்னார்கள். நான் வெற்றிபெற்றேன், அண்ணா. நீங்கள் வாசித்துக் கண்ட அந்தப் பிரிவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்டு வைத்திருந்த அந்தப் பிரிவை, அண்ணியின் சாவு நீக்கியது. நீங்கள் பைஸர் நானா கடையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் பணிப்பாளரிடம் சொன்னேன். "தனிநபர் விவரம்தான் பிழை, கொள்கை சரி" என்று இரண்டு தடவை சொன்னார். பேசாமல் இருக்கச் சொல்கிறார். சொன்னால், தோட்டத்து ஆட்கள் பொய்ப் பதிவு செய்கிறார்கள் என்று எல்லாக் கதவையும் மூடிவிடுவார்களாம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒக்டோபரில் பெயர் பதிகிறார்கள். எட்டாம் பிரிவு இல்லையென்றால் அண்ணியைச் சேர்க்கலாம், டிசம்பர் வரை காத்திருக்காமல் தனியார் ஆஸ்பத்திரியில் உடனே செய்யலாம். சேர்ப்பதானால் அவர் உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் கோப்பில் அவர் இல்லை.

சொன்னால் பிரிவு திரும்பி வரலாம். சொல்லாவிட்டால் அண்ணி திரும்பி வர முடியாது. நீங்கள் இருவரும் சொல்லுங்கள்.

கிருஷாந்தி


வட்டகொடை
27.08.2023

தங்கச்சி,

இவளிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் கேட்டது, "எனக்காக எந்திரிச்சா நின்னாங்க? பெரிய பெரிய ஆளுங்களா?" ஆமாம் என்றேன். "ஒரு நிமிசமா?" ஆமாம் என்றேன். "நாங்க பெரட்டுல தெனம் ஒரு மணி நேரம் நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்குகிறது.

பிறகு சொன்னாள். "உள்ளதச் சொல்லச் சொல்லுங்க. பொய்ச் சாவுல வந்தது தங்காது. அந்தப் பிரிவ எடுக்குறது நல்லதுக்குன்னா, நான் உசுரோட இருந்தாலும் எடுக்கட்டும்."

ஆகவே இன்று பொதுக்கூட்டம் கூட்டினோம். முறையாக இருபத்தொரு நாள் அறிவித்தல் கொடுக்கவில்லை. சாவுக்குத்தான் அவசரம் என்றில்லை என்று தலைவர் தீர்ப்பளித்தார். "அங்கத்தவர் ராசம்மா இறக்கவில்லை எனவும், 14.06.2023 பதிவு பிழையானது எனவும் இச்சபை தீர்மானிக்கிறது." லெட்சுமி முன்மொழிந்தாள். ஆதரவு நூற்று அறுபத்திரண்டு, எதிர்ப்பு இல்லை. இருவர் நடுநிலை. அவர்களுக்கு உன் அண்ணியோடு குழாய்த் தண்ணீர் விசயத்தில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சம்பந்தப்பட்டவள் பின்வரிசையில் உட்கார்ந்து தனக்கே வாக்களித்தாள்.

தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒருவர் உயிரோடு இருப்பதற்கு இவ்வளவு நல்ல அத்தாட்சி நம் தோட்டத்தில் வேறு யாரிடமும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் டிசம்பர் 11 என்று எழுதித் தந்துவிட்டார்கள். எது முந்துகிறதோ அது. இப்போதும் வேலைக்குப் போகிறாள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த மாதம் வா. கோழி ஒன்று நிற்கிறது. இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுப் போ.

சிவசாமி


கொழும்பு 6
26.11.2023

அண்ணா,

மூன்று நாளைக்கு முன் பாங்கொக்கிலிருந்து வந்தேன். பைஸர் நானா அழைத்தபோது மாநாட்டு மண்டபத்தில் இருந்தேன். எல்லோருக்கும் எட்டும் காப்புறுதி என்று தலைப்பு. எனக்கு முன்னால் இருந்த திரையில் நம் திட்டத்தை வெற்றிக் கதை என்று போட்டிருந்தார்கள். அடுத்த விமானம் மறுநாள்தான். மழை, வைத்திருக்க முடியாது, அடக்கம் செய்துவிட்டோம் என்று நானா மறுபடி அழைத்துச் சொன்னார்.

உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். செப்டெம்பரில் மூன்று நாள் வந்து அண்ணியோடு இருந்தபோது எல்லாம் சரியாகிவிடும் என்றேன். திருத்தக் கடிதத்தைத் தீர்மானத்தோடு குழுவுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். "தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய கோப்பில் சேர்க்கப்பட்டது" என்று பதில் வந்தது. கோபப்படுவார்கள், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒக்டோபரில் அண்ணியின் விண்ணப்பத்தை என் கையாலேயே நிரப்பிக் கொடுத்தேன். "இணைப்பு மூன்றின்படி விண்ணப்பதாரி காலமானவர்" என்று திரும்பியது. தீர்மானத்தை மறுபடி அனுப்பினேன். மறுபடியும் கோப்பில் சேர்க்கப்பட்டது. நேரில் போய்க் கத்தினேன். அங்கிருந்த பெண் அன்பாகத்தான் பேசினாள். பதிவைத் திருத்துவதற்கு என்று ஒரு படிவம் இல்லையாம்.

இன்று சுற்றுநிருபம் அச்சாகி மேசைமேல் இருக்கிறது. எட்டாம் பிரிவு இல்லை. பின்னிணைப்பில், இதை நீக்கக் காரணமான உதாரணம் என்று அண்ணியின் பெயர் இருக்கிறது. காலமான திகதி ஜூன் 14. என் கடிதத்தை யாரும் வாசிக்கவே இல்லை, அண்ணா. நான் உண்மையைச் சொன்னேன், பிரிவும் போய்விட்டது, அண்ணியும் போய்விட்டார்.

உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரியும் வரவில்லை. என்னிடம் இருந்ததை எல்லாம் ஜூலையிலேயே எழுதிவிட்டேன்.

வர எனக்கு முகமில்லை.

கிருஷாந்தி


வட்டகொடை
02.12.2023

கிருஷாந்தி,

வியாழக்கிழமை கருமாதி. முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதன்கிழமை ரயிலில் வா. வட்டகொடையில் இறங்கு, நான் ஸ்டேசனில் நிற்பேன். இது கட்டளை. செயலாளரும் அண்ணனும் சேர்ந்து இடுகிறார்கள்.

அவள் போனது பதினான்காம் நம்பர் தேயிலை மலையில்தான். மத்தியான நிறுவைக்குக் கொழுந்து கொண்டு வந்துகொண்டிருந்தாள். சங்கடமாக இருக்கிறது என்று பாதி வழியில் உட்கார்ந்தாள். "நீங்க போங்க, நான் நிறுவைக்குள்ள வந்திடுறேன்" என்றாளாம். வரவில்லை. லெட்சுமி திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாள். ஆபரேஷனுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அவள் பறித்திருந்தது பதினொரு கிலோ. அதையும் நிறுத்து அவள் பெயரில் போட்டார்கள்.

விதி ஒன்பது எனக்கு நினைவு வந்தது. இவள் பங்கு ஜூனிலேயே வாங்கியாகிவிட்டது. நானே செயலாளர், நானே எப்படிக் கேட்பது என்று மூலையில் உட்கார்ந்திருந்தேன். சின்னராசா மாமா பதிவேட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "ஓகஸ்ட் தீர்மானத்தப் படிடா. அவ சாகவே இல்லன்னு நாமதான கை தூக்குனோம். அப்ப இதுதான் மொதத் தடவ. எழுது." எழுதினேன். இந்தத் தடவை எழுத்து கோட்டுக்குள் நிற்கவில்லை. மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பந்தல் ஒரு மணி நேரத்தில் வந்தது. நீ சொன்னது சரி, அதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. நடுநிலை வகித்த இருவரும்தான் மழையில் நின்று குழி வெட்டினார்கள். கொடுத்த தேநீரைக் குடிக்கவில்லை.

சுற்றுநிருபத்தைப் பற்றி எழுதியிருந்தாய். உன் திருத்தக் கடிதத்தைப் பற்றி இனிக் கவலைப்படாதே. அரசாங்கம் சொன்னது ஐந்து மாதம் முந்திவிட்டது, அவ்வளவுதான். நேற்று லோஜன் வந்தான், கீழ் லயத்துத் தச்சன். அவன் மகளுக்குப் பிறந்ததிலிருந்து இருதயத்தில் ஓட்டை. விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொன்னான். எட்டாம் பிரிவு இல்லாத படிவம். நிரப்பிக் கொடுத்தேன். சங்கத்திலும் அடுத்த கூட்டத்துக்கு விதி ஏழை மாற்ற அறிவித்தல் ஒட்டியிருக்கிறேன். இருபத்தொரு நாள். முன்மொழிபவர் பெயரை வெறுமையாக விட்டிருக்கிறேன். உனக்காக.

அடக்கத்துக்கு முன் இரங்கல் வாசித்தார்கள். தொழிற்சங்கத்தின் தாள் ஒன்று, இளைஞர் மன்றத்தின் தாள் ஒன்று. இரண்டிலும் அன்னார் என்று போட்டிருந்தது. அந்த அன்னாரை எனக்குத் தெரியவில்லை. "வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று மாமா கேட்டார். உன் ஜூலைக் கடிதத்தை அவள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டது, எத்தனை தடவை வாசிக்கச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறாய். அதை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். எனக்கு எழுதியதை விட்டுவிட்டு, அண்ணி என்று தொடங்கும் இடத்திலிருந்து கடைசி வரை வாசித்தேன்.

எல்லாம் நீ எழுதியபடியே இருந்தது. இரண்டு ரொட்டி என்ற இடத்தில் மட்டும் மூன்று என்று வாசித்தேன்.

சிவசாமி